இரண்டு குடும்ப வீட்டில் ஒரு பகுதியில் குடியேற: அமெரிக்காவில் உரிமையாளர் கடன் ஒப்புதல் பெறுவது எப்படி

அமெரிக்காவில் ஒரே கட்டடத்தில் இரண்டு, மூன்று, நான்கு வீடுகள் இருந்தாலும் கடன் கணக்கில் அது குடியிருப்பு வீடுதான். ஐந்தாவது யூனிட் சேர்ந்தால் வணிகக் கடன், விதிகளே வேறு. அதனால் இங்கே பேசுவதெல்லாம் நான்கு யூனிட் வரைக்கும்தான். நியூ ஜெர்சியில் டூ ஃபேமிலி, த்ரீ ஃபேமிலி என்று சொல்லப்படும் வீடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யூனிட்டில் நீங்கள் குடியிருந்து மற்றதை வாடகைக்கு விடுவதாக இருந்தால் டவுன் பேமென்ட் 3.5 அல்லது 5 சதவீதம் போதும். அதே கட்டடத்தை முழுக்க வாடகைக்கு விட வாங்கினால், அரசுக் காப்பீடு இல்லாத சாதாரணக் கடனான கன்வென்ஷனல் கடனில் 25 சதவீதம் கட்ட வேண்டும், வட்டியும் கூடும். 6 லட்சம் டாலர் வீட்டுக்கு ஒரு பக்கம் 21,000, இன்னொரு பக்கம் 1,50,000. இவ்வளவு பெரிய சலுகை என்பதால்தான் கடன் விண்ணப்பத்தை ஆராய்ந்து முடிவு செய்யும் அண்டர்ரைட்டர் மூன்று விஷயங்களைத் துருவிப் பார்ப்பார்: நீங்கள் உண்மையிலேயே குடிவரப் போகிறீர்களா, வருவதற்கு ஒரு யூனிட் காலியாகுமா, வாடகையை அவருடைய முறைப்படி கணக்கிட்டாலும் தவணை கட்ட முடியுமா. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

எந்தக் கடன்

முதலில் உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள். 2025 மே 25 முதல், கூட்டாட்சி அரசு காப்பீடு தரும் எஃப்.ஹெச்.ஏ. கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. எச்-1பி, எல்-1 விசாவில் இருப்பவர்களுக்கும், கிரீன் கார்டுக்குக் காத்திருந்து ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கும் அந்தக் கதவு மூடிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவும் "எச்-1பி இருந்தாலும் எஃப்.ஹெச்.ஏ. கிடைக்கும்" என்றே இன்னும் சொல்கின்றன. அதை நம்பி ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் விதிகளின்படி தரப்படும் கன்வென்ஷனல் கடன், சட்டப்படி இங்கே வசிக்கும் விசாதாரர்களுக்குக் குடிமக்களைப் போலவே கிடைக்கும். ஆனால் விசா முடியும் தேதியைக் காட்டிக் கூடுதல் ஆவணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. லோன் ஆபீசரிடம் முதல் அழைப்பிலேயே, "எச்-1பிக்கு உங்கள் நிறுவனம் தனியாக ஏதாவது நிபந்தனை வைத்திருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

கன்வென்ஷனலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. 2023 நவம்பர் வரை ஃபேனி மே இரண்டு யூனிட்டுக்கு 15 சதவீதமும், மூன்று நான்கு யூனிட்டுக்கு 25 சதவீதமும் கேட்டது. இப்போது நீங்களே குடியிருந்தால் நான்கு யூனிட் வரை 5 சதவீதம் போதும். ஆனால் இது சாதாரணக் கடன் வரம்புக்குள்தான். 2025-க்கான அந்த வரம்பு இரண்டு யூனிட்டுக்கு 10,32,650 டாலர், மூன்றுக்கு 12,48,150, நான்குக்கு 15,51,250. வீட்டு விலை அதிகமான கவுன்ட்டிகளுக்கு இதைவிட உயர்ந்த வரம்பு இருக்கிறது. சாதாரண வரம்பைத் தாண்டி அந்த உயர்ந்த வரம்பின்படி கடன் வாங்கினால் 5 சதவீதச் சலுகை கிடைக்காது. வரம்பு ஆண்டுதோறும் மாறும். வாங்கும் ஆண்டின் எண்ணைப் பாருங்கள்.

எஃப்.ஹெச்.ஏ.வில் கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தால் 3.5 சதவீதம் போதும். 500 முதல் 579 வரை என்றால் 10 சதவீதம். காப்பீட்டுக் கட்டணமாகக் கடனில் 1.75 சதவீதத்தை முதலிலேயே சேர்த்துவிடுவார்கள். அதற்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 0.55 சதவீதம் தவணையோடு வரும். டவுன் பேமென்ட் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த ஆண்டுக் கட்டணம் கடன் முடியும்வரை போகாது. கன்வென்ஷனலில் உள்ள பி.எம்.ஐ. என்ற கடன் காப்பீட்டுக் கட்டணத்தைக் கடன் குறைந்த பிறகு நீக்கலாம். ஆனால் பல யூனிட் கட்டடத்துக்கு அந்த நிபந்தனை தனி வீட்டைவிடக் கடுமை. ஸ்கோர் 700-க்கு மேல் இருந்தால் முதலில் கன்வென்ஷனலைக் கேட்டுப் பாருங்கள். ஸ்கோர் குறைவாகவோ மற்ற கடன் அதிகமாகவோ இருந்தால் எஃப்.ஹெச்.ஏ. இணங்கி வரும். ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு வி.ஏ. கடன்: நான்கு யூனிட் வரை, டவுன் பேமென்ட்டே இல்லாமல்.

வாடகைக் கணக்கில் நடக்கும் பெரிய தவறு

மாதத் தவணை 4,302 டாலர், மேல்மாடி வாடகை 2,200, ஆக நான் கட்ட வேண்டியது 2,102 தான். வாங்குபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அண்டர்ரைட்டர் இப்படிப் போடமாட்டார்.

அவர் முதலில் வாடகையில் 25 சதவீதத்தைக் கழிப்பார். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் அது. மீதி 1,650-ஐத் தவணையிலிருந்து கழிக்காமல் உங்கள் வருமானத்தோடு கூட்டுவார். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும், இல்லை. 5 லட்சம் டாலர் டூ ஃபேமிலி வீட்டை எடுத்துக்கொள்வோம். 5 சதவீதம் கட்டினால் கடன் 4,75,000. 6.5 சதவீத வட்டி, 30 ஆண்டு என்றால் அசலும் வட்டியும் 3,002. சொத்து வரி 850, வீட்டுக் காப்பீடு 200, பி.எம்.ஐ. 250 என்று வைத்தால் மொத்தம் 4,302. கார் கடன் 450. ஆக மாதக் கடன் சுமை 4,752. சம்பளம், வரி பிடிப்பதற்கு முன், 8,000.

வாடகையே இல்லாமல் பார்த்தால் கடன் விகிதம், அதாவது வருமானத்தில் கடன் சுமையின் பங்கு, 59 சதவீதம், நடக்காது. உங்கள் முறைப்படி வாடகையைத் தவணையிலிருந்து கழித்தால் 32 சதவீதம், தாராளம். அண்டர்ரைட்டர் முறைப்படி 4,752-ஐ 9,650-ஆல் வகுத்தால் 49.2 சதவீதம். ஃபேனி மேயின் கணினி ஏற்கும் உச்சம் 50. மயிரிழையில் தப்பிக்கிறது. சொத்து வரி மாதம் 100 டாலர் கூடினாலே 50-ஐத் தாண்டிவிடும். விற்பனை விளம்பரத்தில் இருக்கும் வரித் தொகையை நம்பாமல், நகராட்சியின் தற்போதைய வரி ரசீதைக் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான்.

2,200 என்ற வாடகையை யார் முடிவு செய்வது? வீட்டின் மதிப்பைக் கணிக்கும் அப்ரைசர் பல யூனிட் வீடுகளுக்கான 1025 படிவத்தில் அக்கம்பக்க வாடகைகளை ஒப்பிட்டுச் சந்தை வாடகை என்று ஓர் எண் எழுதுவார். எஃப்.ஹெச்.ஏ.வில் அந்த எண், லீஸில் உள்ள எண் இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். பத்து ஆண்டாக இருக்கும் குடித்தனக்காரர் 1,500 கொடுத்துக்கொண்டிருந்தால், "நான் வந்ததும் 2,200 ஆக்குவேன்" என்ற உங்கள் திட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. கன்வென்ஷனலிலும் வெறும் லீஸ் தாள் போதாது. சந்தை வாடகை அதை ஆதரிக்க வேண்டும், அல்லது வாடகை வங்கியில் வந்ததற்குச் சான்று வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அண்ணன் வீட்டிலோ பெற்றோருடனோ வாடகை கொடுக்காமல் தங்கியிருப்பவர்களுக்கு, இப்போது எந்த வீட்டுச் செலவும் இல்லை என்ற காரணத்தால், ஃபேனி மே விதிப்படி வரப்போகும் வாடகை வருமானம் கணக்கிலேயே சேராது. சம்பளத்தை மட்டும் வைத்து முழுத் தவணைக்கும் தகுதி காட்ட வேண்டும். வாடகை கொடுப்பவராக இருந்தாலும், இதற்கு முன் ஓராண்டாவது வீட்டை வாடகைக்கு விட்ட அனுபவம் இல்லையென்றால், கணக்கில் சேர்க்கும் வாடகை புதிய வீட்டின் தவணையைத் தாண்டக் கூடாது. அதனால் வீடு வாங்குவதற்கு ஓராண்டு முன்பிருந்தே உறவினருக்கு உண்மையான வாடகையை, கையில் கொடுக்காமல், ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகக் கொடுத்து வாருங்கள்.

மூன்று, நான்கு யூனிட்டுக்கு எஃப்.ஹெச்.ஏ. வைக்கும் தேர்வு

இரண்டு யூனிட்டுக்கு இது கிடையாது. மூன்றும் நான்கும் என்றால், கட்டடம் தன் காலில் நிற்கிறதா என்று எஃப்.ஹெச்.ஏ. தனியாகப் பார்க்கும். நீங்கள் குடியிருக்கப் போகும் யூனிட்டையும் சேர்த்து எல்லா யூனிட்டின் சந்தை வாடகையையும் கூட்டி, 25 சதவீதமோ அப்ரைசர் சொல்லும் காலி விகிதமோ எது அதிகமோ அதைக் கழிக்க வேண்டும். இப்படிக் கழித்து மிஞ்சும் வாடகை அசல், வட்டி, சொத்து வரி, காப்பீடு, எஃப்.ஹெச்.ஏ. கட்டணம் எல்லாம் சேர்ந்த தவணைக்குக் குறையக் கூடாது. உங்கள் சம்பளம் மாதம் 20,000 டாலராக இருந்தாலும் இதில் உதவாது.

6 லட்சம் டாலர் த்ரீ ஃபேமிலி. 21,000 கட்டினால் கடன் 5,79,000. முன்கட்டணம் சேர்த்து 5,89,132. அதே 6.5 சதவீதத்தில் அசலும் வட்டியும் 3,724, எஃப்.ஹெச்.ஏ. கட்டணம் 265, வரி 900, காப்பீடு 250. மொத்தம் 5,139. வாடகை 2,400, 2,200, 2,000 என்று 6,600 வருகிறது. அதில் 75 சதவீதம் 4,950. 189 டாலர் குறைவு; தேர்வில் தோல்வி.

இங்கே மூன்று வழிகள். விலையைக் குறைக்கப் பேசலாம். வட்டியைக் குறைக்க, விற்பவர் தரும் சலுகைப் பணத்தில் பாயின்ட் (வட்டி விகிதம் குறைய முன்கூட்டியே கட்டும் தொகை) வாங்கலாம். அல்லது டவுன் பேமென்ட்டைக் கூட்டலாம். 46,000 கட்டினால் கடன் 5,54,000 ஆகும். கடன் வீட்டு விலையில் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதால் ஆண்டுக் கட்டணமும் 0.50 ஆகிறது, தவணை 4,944-க்கு வந்துவிடும். அதாவது 3.5 சதவீதத்தில் வாங்கப் போனவர் 7.7 சதவீதம் வைத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை வீடு பார்க்கப் போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சுருக்கமான சூத்திரம்: முழுத் தவணையை 0.75-ஆல் வகுங்கள். எல்லா யூனிட் வாடகையும் சேர்ந்து அந்த எண்ணைத் தொடவில்லை என்றால் அந்த வீட்டுக்கு எஃப்.ஹெச்.ஏ. வேண்டாம். வீட்டு விலை ஏறிய அளவுக்கு வாடகை ஏறாத நகரங்களில் த்ரீ ஃபேமிலி வீடுகள் பலவும் இதில் தேறுவதில்லை. முதல்முறை வாங்குபவர் டூ ஃபேமிலியோடு தொடங்குவது நல்லது என்று சொல்ல இதுவே போதுமான காரணம்.

கூடவே, மூன்று நான்கு யூனிட்டுக்கு கிளோசிங் (பணம் கட்டி வீடு உங்கள் பெயருக்கு மாறுவது) முடிந்த பிறகும் மூன்று மாதத் தவணை கையிருப்பில் இருக்க வேண்டும் என்று எஃப்.ஹெச்.ஏ. கேட்கும். கன்வென்ஷனலில் ஆறு மாதம் என்று திட்டமிடுங்கள். ஓய்வூதியக் கணக்கான 401கே-யில் உள்ள பணத்தை இதற்குக் காட்டலாம்.

உங்களுக்கான யூனிட் காலியாகுமா

கிளோசிங் ஆன 60 நாளுக்குள் குடியேறி, குறைந்தது ஓராண்டு இருப்பதாகக் கையெழுத்துப் போடுகிறீர்கள். எல்லா யூனிட்டிலும் ஆள் இருந்தால் அது எப்படி நடக்கும்? வீடு கைமாறினாலும் லீஸ் முறியாது. அடுத்த ஜூன் வரை லீஸ் இருக்கிறது என்றால் ஜூன் வரை அவருக்கு உரிமை உண்டு. எல்லா லீஸும் 60 நாளைத் தாண்டி ஓடுகிறது என்று தெரிந்தால் அண்டர்ரைட்டர் கோப்பை நிறுத்திவிடுவார்.

லீஸ் முடிந்து மாதத்துக்கு மாதம் ஓடினாலும் எல்லா மாநிலத்திலும் எளிதாக வெளியேற்ற முடியாது. நியூ ஜெர்சியில் பெரும்பாலும் சட்டம் சொல்லும் காரணம் இருந்தால்தான் முடியும். நல்ல வேளையாக, மூன்று யூனிட் வரையுள்ள கட்டடத்தை வாங்குபவர் தானே ஒரு யூனிட்டில் குடியிருக்க விரும்புவதும், விற்பனை ஒப்பந்தம் அந்த யூனிட்டைக் காலியாகத் தரச் சொல்வதும் அப்படி ஒரு காரணம். ஆனால் வழக்குப் போடுவதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும். பிறகு நீதிமன்ற நாட்கள் தனி. ஆகவே இந்த வேலையை விற்பவர் தலையில் வையுங்கள். இன்ன யூனிட் கிளோசிங் அன்று காலியாக, கூட்டிப் பெருக்கித் தரப்பட வேண்டும், இல்லையென்றால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நியூ ஜெர்சியில் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பின் வழக்கறிஞர் பார்வைக்கு மூன்று வேலை நாள் உண்டு. இந்த வரியைச் சேர்க்க அதுதான் நேரம். குடித்தனக்காரருக்கு இடமாற்றச் செலவு கொடுத்து நயமாகக் காலி செய்ய வைப்பது விற்பவருக்கும் லாபம். வழக்குப் போகும் மாதங்களைவிட அது மலிவு.

தங்கப் போகும் குடித்தனக்காரர்களிடம் வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, லீஸ் எதுவரை என்று கையெழுத்திட்ட எஸ்டாப்பல் சான்று வாங்குங்கள். விற்பவர் சொல்லும் வாடகையும் குடித்தனக்காரர் சொல்லும் வாடகையும் வேறுபட்டால் இந்தத் தாளில்தான் தெரியும். அவர்கள் கொடுத்த டெபாசிட் கிளோசிங் அன்று உங்கள் பக்கம் வர வேண்டும்.

சட்டப்படி எத்தனை யூனிட்

பேஸ்மென்ட்டில் ஒரு சமையலறை போட்டு மூன்றாவது வீடு என்று விற்பார்கள். நகராட்சிப் பதிவு டூ ஃபேமிலி என்றால் அப்ரைசர் அதை இரண்டாகவே எழுதுவார். அந்த பேஸ்மென்ட் வாடகை உங்கள் தகுதிக் கணக்கில் சேராது. சில சமயம் அடுப்பை எடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே நகராட்சி அலுவலகத்தில் குடியிருப்புச் சான்றையும் மண்டலப் பயன்பாட்டையும் பாருங்கள். இப்போதைய மண்டல விதிக்குப் பொருந்தாவிட்டாலும் பழைய அனுமதிப்படி நிற்கும் கட்டடம் என்றால், எரிந்து போனால் அதே எண்ணிக்கையில் திரும்பக் கட்டலாம் என்று நகராட்சியிடமிருந்து கடிதம் கேட்கலாம்.

எஃப்.ஹெச்.ஏ. அப்ரைசர் கட்டடத்தின் நிலையையும் பார்ப்பார். 1978-க்கு முன் கட்டியதில் உரிந்து தொங்கும் பெயின்ட் (ஈயம் இருக்கலாம்), கைப்பிடி இல்லாத படி, வேலை செய்யாத ஹீட்டர், ஒரு யூனிட்டின் தண்ணீரைத் தனியாக மூட வழியில்லாமை: இவை சரியாகும்வரை கடன் நகராது. எல்லா யூனிட்டுக்குள்ளும் அப்ரைசர் போக வேண்டும் என்பதால் குடித்தனக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

குடிவரும் எண்ணத்தைக் காட்டுவது

விண்ணப்பத்தில் முதன்மைக் குடியிருப்பு என்று ஒரு கட்டத்தில் குறிப்பதோடு இது முடிவதில்லை. நான்கு படுக்கையறை சொந்த வீட்டில் குடும்பமாக இருப்பவர் அதே ஊரில் ஒரு படுக்கையறை யூனிட்டுக்குப் போகிறேன் என்றால் நம்பமாட்டார்கள். அலுவலகம் 90 மைல் தொலைவில் இருந்தாலும் கேள்வி வரும். உண்மையான காரணம் இருந்தால் விளக்கக் கடிதத்தில் நேராக, அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: வீட்டிலிருந்து வேலை என்றால் நிறுவனத்தின் கடிதத்தோடு, பழைய வீட்டை விற்கிறீர்கள் அல்லது வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் அதன் ஒப்பந்தத்தோடு. காப்பீடு கேட்கும்போது உரிமையாளர் குடியிருக்கும் பல யூனிட் வீடு என்றே சொல்லுங்கள். வாடகைக் கட்டடப் பாலிசியின் விலைப்பட்டியல் கோப்புக்குள் வந்தால், அந்த ஒரு தாளே சந்தேகத்தைக் கிளப்பும்.

குடிவரும் எண்ணம் இல்லாமல் இந்தக் கடனை வாங்காதீர்கள். கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம். சட்டம் அனுமதிக்கும் உச்ச தண்டனை 30 ஆண்டு சிறையும் 10 லட்சம் டாலர் அபராதமும். விசாவில் இருப்பவர்களுக்கு அதன் விளைவு இந்த வீட்டோடு நிற்காது.

பணத்தின் தடம்

இரண்டு மாத வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். சம்பளம் தவிர்த்த பெரிய வரவு எதற்கும் கதை வேண்டும். ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்பினால் அவர் கணக்கிலிருந்து புறப்பட்டது, டாலராக மாறியது, உங்கள் கணக்கில் வந்தது என மூன்றுக்கும் தாள் வேண்டும். திருப்பித் தர வேண்டியதில்லை என்ற அன்பளிப்புக் கடிதமும் வேண்டும். மனை விற்ற பத்திரம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து ஓராண்டில் வரும் அன்பளிப்பு 1 லட்சம் டாலரைத் தாண்டினால் அமெரிக்க வருமான வரித்துறைக்கு 3520 படிவம் அனுப்ப வேண்டும். வரி இல்லை, ஆனால் அனுப்பாவிட்டால் அபராதம் பெரிது.

அன்பளிப்பில் ஒரு முக்கியமான வேறுபாடு. எஃப்.ஹெச்.ஏ.வில் 3.5 சதவீதம் முழுவதும் குடும்பத்தார் பணமாக இருக்கலாம். சாதாரண கன்வென்ஷனலில் பல யூனிட் வீட்டுக்கு 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கட்டினால், முதல் 5 சதவீதம் உங்கள் சொந்தச் சேமிப்பாக இருக்க வேண்டும். 5 சதவீதமே கட்டுகிறவருக்கு அப்பாவின் பணம் டவுன் பேமென்ட்டுக்கு ஆகாது. கிளோசிங் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒப்புதல் வந்ததிலிருந்து கிளோசிங் வரை புதிய கிரெடிட் கார்டு, கார், தவணையில் சோபா எதுவும் வேண்டாம், 49.2 சதவீதத்தில் நிற்கும் கோப்பை 80 டாலர் தவணைகூட 50-க்குக் கொண்டுபோய்விடும். வேலை மாறுவதையும் தள்ளிப்போடுங்கள். கடைசி நாட்களில் மீண்டும் ஒருமுறை உங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

கிளோசிங் விவர அறிக்கை மூன்று வேலை நாளுக்கு முன் கையில் வரும். அதில் வாடகையின் நாள் பங்கீடு, குடித்தனக்காரர் டெபாசிட், வட்டி விகிதம் மூன்றையும் பேனா வைத்துச் சரிபாருங்கள்.

குடியேறிய வாரமே தபால் முகவரி, ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளப் பட்டியல் எல்லாவற்றிலும் புது முகவரி போடுங்கள். நியூ ஜெர்சியில் உரிமத்துக்கு ஒரு வாரம்தான் அவகாசம். குடிமகன் அல்லாதவர் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மின்சார, இணைய ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்; ஆறு மாதம் கழித்துக் கடன் நிறுவனம் ஆளனுப்பிக் கதவைத் தட்டினாலோ கடிதம் போட்டாலோ காட்ட இவைதான் இருக்கும். ஓராண்டுக்குள் வேலை வேறு மாநிலத்துக்கு மாறிவிட்டால் சொல்லாமல் கிளம்பாதீர்கள். மாற்றல் கடிதத்தை இணைத்துக் கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலையும் அதே கோப்பில் சேருங்கள்.